முகவரி கேட்கும் கட்டம்

மதுரையில் சிறு கடைகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் இணையதளம் அமைத்துத் தருவது என் தொழில். இங்குள்ள தளங்கள் பலவற்றின் அடியில், தொலைபேசி எண்ணுக்கும் கூகுள் வரைபடத்துக்கும் கீழே, ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதற்கு மேல் ‘சப்ஸ்கிரைப் டு அவர் நியூஸ்லெட்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பக்கத்தில் ‘சப்மிட்’ என்றொரு பொத்தான் இருக்கும். பெரும்பாலும் அந்தக் கட்டத்தை யாரும் கேட்டு வைப்பதில்லை. விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட்டோடு அது வந்துவிடுகிறது. அதில் மின்னஞ்சல் முகவரி இடுகிறவருக்கு என்ன மடல் வரும், யார் எழுதுவார், எப்போது வரும் என்பதெல்லாம் கடைக்காரருக்கே தெரியாது. நாளடைவில் பட்டியலைத் திறந்து பார்த்தால் ரோபோக்கள், அதாவது தானாக இயங்கும் நிரல்கள், இட்ட போலி முகவரிகள்தாம் இருக்கும். உடனே அவர், “இமெயில் எல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது தம்பி” என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த முடிவை நான் ஏற்பதில்லை. இந்த ஊரில் வாழ்கிறவர் தம் முகவரியை எப்படித் தட்டச்சு செய்கிறார், தம் பெயரை எப்படி எழுதுகிறார், எதை நம்பி விவரங்களைத் தருகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, அதற்கேற்பப் படிவத்தை அமைத்தால் முகவரிகள் வரும். எப்படி அமைப்பது என்பதை விரிவாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மின்னஞ்சல் என்று வாயெடுத்தவுடனே எழும் கேள்வி அதுதான். வாட்ஸ்அப் செயலியில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அவர்களிலும் கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். குழு என்றால் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், வாடிக்கையாளர் ஒருவரின் எண் முன்பின் அறியாத அத்தனை பேர் கையிலும் கிடைக்கும் என்பதால், சேலைக் கடைக்கோ நகைக் கடைக்கோ அத்தகைய குழுவை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. மின்னஞ்சல் பட்டியல் என்பது கடைக்காரரின் கையில் இருக்கும் ஒரு கோப்பு. இன்று ஒரு நிறுவனத்தின் சேவை வழியாக மடல் அனுப்புகிறோம். நாளை அதன் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் கோப்பை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடலாம்.

அதற்காக எல்லாச் செய்தியையும் மின்னஞ்சலில் ஏற்றவும் கூடாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகைக்கு விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறொரு விலை. முகூர்த்த நாளுக்கு முதல் நாள் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த விலையை மடலில் எழுதி அனுப்பினால், பெறுபவர் திறந்து படிக்கும் நேரத்தில் அது பழங்கதையாகியிருக்கும். அது வாட்ஸ்அப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உரிய வேலை. அதே மல்லிகையில், எந்தப் பருவத்தில் நாற்று நடலாம், கவாத்து எப்போது செய்ய வேண்டும், மொட்டுப்புழு வந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு நாற்றுப்பண்ணை மாதம் ஒருமுறை எழுதுமானால், அது மின்னஞ்சலுக்கு முற்றிலும் பொருந்தும். விவசாயி அதை வைத்திருந்து, வேண்டிய நாளில் தேடி எடுத்துப் படிப்பார். படிவம் வரைய உட்காரும் முன்பே, அனுப்பப்போகும் மடல் இந்த இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கடைக்காரரோடு பேசி முடிவு செய்துவிடுவது என் வழக்கம். பொருந்தாத சரக்குக்கு எவ்வளவு அழகாகப் படிவம் வரைந்தாலும் பயன் இருக்காது.

ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் படிவத்தை எடுத்துக்கொள்வோம். முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் கையால் போட்ட ஒரு முடிச்சிலிருந்து பிறக்கிறது. சாயம் சிறு சிறு தொகுதிகளாகத்தான் தோய்க்கப்படுகிறது. ஒரு தொகுதி விற்றுத் தீர்ந்தால் அதே நிறம் அச்சு அசலாக மறுபடி வரும் என்ற உறுதி கிடையாது. மடல் எழுதுவதற்கான காரணம் அந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. பழைய படிவத்தில் ‘அப்டேட்ஸ் மற்றும் ஆஃபர்கள் பெற’ என்று இருந்தது. அந்தச் சொற்கள் எந்தக் கடைக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்தக் கடையையும் பற்றி எதையும் சொல்வதில்லை. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினோம்: “புதிதாகச் சாயம் தோய்த்த சேலைகள் கடைக்கு வரும்போது, படத்தோடும் விலையோடும் உங்களுக்கு ஒரு மடல் எழுதுவோம். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வராது. வேண்டாம் என்றால் மடலின் அடியிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.” அதன் கீழே முகவரிக்கு ஒரே ஒரு கட்டம். பொத்தானில் ‘சேலை வந்ததும் எனக்குச் சொல்லுங்கள்’.

அந்த மூன்று வாக்கியங்களையும் சும்மா அலங்காரத்துக்கு எழுதவில்லை. முகவரி தரத் தயங்குகிறவர் மனத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: என்ன வரும், எத்தனை முறை வரும், வேண்டாமென்றால் விடுவார்களா. மூன்றுக்கும் கட்டத்துக்கு மேலேயே பதில் கிடைத்துவிட்டால் அவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பொத்தானில் உள்ள சொற்கள் வாடிக்கையாளரின் வாய்மொழியாக இருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். அழுத்தினால் நடக்கப்போவது என்ன என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. ‘மாதத்துக்கு ஒன்று’ என்று எழுதிவிட்டுத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நாள்தோறும் மடல் அனுப்ப ஆசை வரும் என்பது எனக்குத் தெரியும். அப்படிச் செய்ய நினைப்பவர் முதலிலேயே படிவத்தில், ‘பண்டிகைக் காலச் சலுகைகளையும் அனுப்பலாம்’ என்று தனியாக ஒரு டிக் பெட்டி வைத்து, அதை டிக் செய்தவருக்கு மட்டும் அனுப்பட்டும். டிக் செய்யாதவருக்குக் கொடுத்த வாக்கு மாதத்துக்கு ஒன்று என்பதுதான். அதை மீறக் கூடாது.

பெயர்க் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு டெம்ப்ளேட்டுகளில் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டின் தலையிலும் கட்டாயம் என்பதற்கான சிவப்பு நட்சத்திரம் இருக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து இன்ஷியலாக முன்னே நிற்கும், பின்னே தம் பெயர் வரும், அவ்வளவுதான். எஸ். மீனாட்சி என்ற ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்பத் தொடங்கினால், முதல் கட்டத்தில் ‘எஸ்’ என்றும் இரண்டாவதில் ‘மீனாட்சி’ என்றும் இடுவார். ஏதோ அரசு விண்ணப்பம் போலும் என்று நினைப்பவர், முதலில் தம் பெயரையும் அடுத்ததில் தந்தையின் அல்லது கணவரின் பெயரையும் இடுவார். பொறுமையில்லாதவர் இரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். சில படிவங்கள் ஓரெழுத்தை ஏற்பதில்லை, புள்ளியையும் ஏற்பதில்லை. அங்கேயே ஒருவரை இழந்துவிடுகிறோம். ஏற்றுக்கொள்ளும் படிவமோ, அடுத்த வாரம் மீனாட்சிக்கு ‘டியர் எஸ்’ என்று மடல் எழுதுகிறது.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உலகெங்கும் உள்ள பெயர் மரபுகளைப் பற்றி ஒரு வழிகாட்டியே எழுதி வைத்திருக்கிறது. பெயரைப் பிரித்துக் கேட்கத்தான் வேண்டுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் ஆலோசனைகளுள் ஒன்று. நான் இன்னும் ஒரு படி மேலே போய், மடல் பட்டியலுக்குப் பெயரே வேண்டாம் என்பேன். அப்படியும் வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தினால், ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று ஒரே கட்டம், அதுவும் விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பும்படி. பெயரைக் கேட்பதே மடலின் தலைப்பில் அதைப் போடத்தான் என்பார்கள். ஆனால் அறுபதைக் கடந்த ஓர் அம்மாவைக் கடைவாசலில் “வாங்கம்மா, உக்காருங்க” என்று வரவேற்கும் அதே கடை, மடலில் ‘ஹாய் மீனாட்சி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் காதுக்கு எவ்வளவு உறுத்தலாக இருக்கிறது! எந்த மென்பொருளும் பெறுபவரின் வயது பார்த்து ‘அம்மா’ என்றோ ‘தம்பி’ என்றோ சேர்ப்பதில்லை. ‘வணக்கம்’ என்று மட்டும் தொடங்கினால் யாருக்கும் மரியாதை குறைவதில்லை.

மற்ற கட்டங்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. தொலைபேசி எண்ணைக் கேட்டாலே, இனி அழைப்பு மேல் அழைப்பாக வரும் என்ற அச்சத்தில் பாதிப்பேர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பிறந்த நாளைக் கேட்பது, வாழ்த்து அனுப்ப உண்மையிலேயே ஆள் இருந்தால் ஒழிய வீண். போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையங்களின் தளங்களில் மட்டும் ஒரு வழக்கத்தைக் கடுமையாகவே கண்டிக்க விரும்புகிறேன்: இலவச வினாத்தாள் அனுப்புவதாகச் சொல்லும் படிவத்திலேயே ‘கம்யூனிட்டி’ என்று சாதிப் பிரிவைக் கேட்கிறார்கள். தேர்வு விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டுக்காக அந்த விவரம் தேவைப்படுகிறது என்பதற்காக, மடல் அனுப்பும் பட்டியலிலும் அதைக் கேட்பதில் எந்த நியாயமும் இல்லை. வினாத்தாளுக்கு முகவரி போதும். சேர்க்கை நாளில், நேரில், காரணத்தோடு கேட்டால் எந்த மாணவரும் தயங்காமல் சொல்வார்.

இனி முகவரிக் கட்டத்துக்கு வருகிறேன். ஒரு படிவம் எங்கே இடறுகிறது என்பதை அறிய, கணினியின் முன் அமர்ந்து யோசிப்பதைவிடக் கடையில் நின்று பார்ப்பது மேல். மாசி வீதி ஒன்றில் உள்ள ஒரு கடையில், பணம் கட்டி முடித்த ஓர் அம்மாவிடம் கல்லாவில் இருந்த பையன், “அக்கா, இதுல உங்க மெயில் ஐடி போட்டீங்கன்னா புதுச் சேலை வந்ததும் தகவல் வரும்” என்று அவருடைய கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்து கொடுத்தான். அது பழைய படிவம். கட்டத்துக்குள் வெளிறிய எழுத்தில் ஏதோ குறிப்பு இருந்தது. அவர் விரல் வைத்ததும் அது மறைந்துவிட்டது. “இதுல என்ன தம்பி போடணும்?” என்று கேட்டார். கீழே தமிழ் விசைப்பலகை எழுந்து நின்றது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, @ குறியைத் தேடி இரண்டாம் பக்கத்துக்குப் போய், ஒருவழியாக முகவரியை இட்டு முடித்தார். பொத்தானைக் காணவில்லை, விசைப்பலகை அதை மறைத்துக்கொண்டிருந்தது. தேடிப் பிடித்து அழுத்தியபோது, சிவப்பு எழுத்தில் ‘இன்வேலிட்’ என்று வந்தது. முகவரி சரியாகத்தான் இருந்தது. கைப்பேசி தானாகப் பரிந்துரைத்த சொல்லை அவர் தேர்ந்தெடுத்தபோது, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் சேர்ந்துகொண்டிருந்தது. “நீயே போட்டுக் குடுப்பா” என்று அவர் கைப்பேசியைப் பையனிடமே நீட்டிவிட்டார்.

அங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. ஒன்றுகூடக் கடினமானது இல்லை. கட்டத்தின் விளக்கம் கட்டத்துக்கு மேலே, எப்போதும் மறையாமல் இருக்க வேண்டும். இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் அந்தக் கட்டத்தின் வகையை வெறும் ‘டெக்ஸ்ட்’ என்று விடாமல் ‘இமெயில்’ என்று குறித்தால், கைப்பேசிகள் @ குறி முன்னாலேயே தெரியும் விசைப்பலகையைக் காட்டும். முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியை உலாவியே நீக்கிவிடும், ஏனென்றால் அது அந்த வகைக்குத் தரத்திலேயே விதிக்கப்பட்டிருக்கிறது. ‘ஆட்டோகம்ப்ளீட்’ பண்புக்கு ‘இமெயில்’ என்ற மதிப்பைக் கொடுத்தால், உலாவியில் ஏற்கெனவே சேமித்திருக்கும் முகவரியை அதுவே எடுத்துக் காட்டும். இந்தக் கடைசி வசதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கைப்பேசி வாங்கிய நாளில் கடைக்காரரோ மகனோ உருவாக்கிக் கொடுத்த ஜிமெயில் முகவரி இன்னதென்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிற பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களால் அதை நினைவிலிருந்து தட்டச்சு செய்ய முடியாது. கண்முன் காட்டினால் தொட முடியும்.

எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனின் சஃபாரி உலாவி கட்டத்தைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கி ஓரத்துக்குத் தள்ளிவிடும்; ஆகவே அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பொத்தானையும் கட்டத்துக்கு நேர் கீழே, கட்டைவிரலுக்கு எட்டும் அளவில் வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக டபிள்யூ3சி வகுத்த அணுகல் வழிகாட்டியின் 2.2 பதிப்பு 2023இல் வெளிவந்தது. சில விலக்குகள் தவிர, தொடும் இடம் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது அது. இது அடிமட்ட அளவு. வளையலும் பையுமாக ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்திருப்பவருக்கு அதைப் போல் இரு மடங்கு வேண்டும் என்பது என் கருத்து.

தமிழில் படிவம் வைப்பவர்கள் எழுத்துருவையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கென்று அளந்த பொத்தானில் தமிழை இட்டால், சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், அல்லது மேல் விலங்கும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும். பொத்தானுக்கு நிலையான அகலமோ உயரமோ கொடுக்காமல், உள்ளே இருக்கும் எழுத்துக்கேற்ப விரியும்படி விட்டு, வரி உயரத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.

பிழைச் செய்தி எழுதுவதில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் என்னை வருத்துகிறது. ‘இன்வேலிட்’ என்பது ஒருவருக்கும் உதவாத செய்தி. ‘@ குறி விடுபட்டிருக்கிறது, பாருங்கள்’ என்று சொன்னால் அவர் திருத்திக்கொள்வார். ஜிமெயில்.காம் என்பதற்குப் பதில் ஜிமெயில்.கான் என்று முடிந்திருந்தால், ‘காம் என்று இருக்க வேண்டுமோ?’ என்று கேட்டு, ஒரு தொடுதலில் மாற்றிக்கொள்ள வழி செய்யலாம். ஆனால் நாமே மாற்றிவிடக் கூடாது. பிழை காட்டும்போது ஏற்கெனவே இட்டதை அழித்துவிடும் படிவங்களுக்கு மன்னிப்பே கிடையாது. முகவரியை இரண்டு முறை தட்டச்சு செய்யச் சொல்வதும் வேண்டாம். பதிவான பிறகு, ‘இந்த முகவரிக்கு ஒரு மடல் அனுப்பியிருக்கிறோம்’ என்று முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டி, பக்கத்திலேயே ‘திருத்து’ என்ற பொத்தானை வைத்தால் அந்த வேலை முடிந்துவிடும்.

படிவத்தை எங்கே வைப்பது என்பதிலும் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. தளத்துக்குள் நுழைந்தவுடன் திரையை மூடிக்கொண்டு எழும் பாப்அப், கடைக்குள் வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே பில் புத்தகத்தை நீட்டுவது போன்றது. தேடலிலிருந்து கைப்பேசியில் வருபவரின் கண்ணிலிருந்து உள்ளடக்கத்தை மறைக்கும் பக்கங்களைத் தரவரிசையில் தாழ்த்தும் முறையை 2017 ஜனவரியிலேயே கூகுள் நடைமுறைப்படுத்திவிட்டது. ஆகவே அது மரியாதைக் குறைவு மட்டுமின்றி நட்டமும்கூட. படிவத்துக்கு உரிய இடம், படித்தவருக்கு ‘இன்னும் வேண்டும்’ என்று தோன்றும் இடம். சுங்குடியைத் துவைக்கும் முறையைப் பற்றிய பக்கத்தின் முடிவில், விற்றுத் தீர்ந்த சேலையின் படத்துக்குக் கீழே, நாற்று நடவு பற்றிய கட்டுரையின் கடைசியில் என்று அது அமைய வேண்டும். ‘இந்தச் சேலை தீர்ந்துவிட்டது’ என்று சொல்லும் பக்கத்தைப் பெரும்பாலான கடைகள் வெறுமனே விட்டுவிடுகின்றன. அங்கே வந்து நிற்பவரைவிட அதிக ஆர்வமுள்ள ஒருவர் அந்தத் தளத்திலேயே இருக்க முடியாது. கடையிலும் கல்லாவின் ஓரத்தில் ஒரு க்யூஆர் அட்டையை வைத்து, அதில் படிவத்தின் அந்த மூன்று வாக்கியங்களையே அச்சிடலாம். தமுக்கத்தில் நடக்கும் புத்தகத் திருவிழா போன்ற இடங்களில் நோட்டில் முகவரி எழுதி வாங்கும் வழக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். கையெழுத்தில் ‘1’ என்ற எண்ணையும் ‘l’ என்ற ஆங்கில எழுத்தையும் பிரித்தறிய முடியாமல் வீணாகும் முகவரிகள் மிச்சமாகும்.

ரோபோக்களைத் தடுப்பதற்காக வைக்கும் படப் புதிர்களை நான் விரும்புவதில்லை. தீயணைப்புக் குழாய் உள்ள படங்களைத் தேர்ந்தெடு என்றால், அமெரிக்கத் தெருவோரத்தில் நிற்கும் அந்தக் குழாயை மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருப்பவர் எங்கே கண்டிருப்பார்? மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் மறைத்து வைத்து, அது நிரம்பி வந்தால் அனுப்பியது ரோபோ என்று ஒதுக்கிவிடுவது எளிய வழி. இதைப் பொறிக்கட்டம் என்கிறோம். அந்தக் கட்டத்துக்கு ஆட்டோகம்ப்ளீட் வசதியை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லையேல் உலாவியே அதை நிரப்பி, நல்ல மனிதரையும் ரோபோ ஆக்கிவிடும். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கும் அது படாதபடி மறைக்க வேண்டும்.

ரோபோவைத் தடுத்தாலும் தவறான முகவரி நுழையத்தான் செய்யும். அதற்கு உறுதிப்படுத்தும் மடல்தான் மருந்து. பதிவு செய்தவருக்கு உடனே ஒரு மடல் போகும். அதில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் பட்டியலில் சேர்ப்போம். “எதுக்குத் தம்பி இன்னொரு வேலை? வர்ற ஆளும் பாதியில நின்னுருவாங்க” என்று கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, சிலர் நின்றுவிடத்தான் செய்வார்கள். ஆனால் ஓர் எழுத்து மாறியதால் யாரோ ஒருவருக்கு மாதாமாதம் சேலைப் படங்கள் போய்க்கொண்டிருந்தால், அவர் ‘ஸ்பேம்’, அதாவது வேண்டாத குப்பை மடல், என்று புகார் செய்வார். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஸ்பேம் புகார்களின் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. அதாவது, 1,000 மடல்களுக்கு 3 பேர் புகார் செய்தாலே கோட்டுக்கு வந்துவிட்டோம். அதைத் தாண்டினால், ஆசையோடு காத்திருப்பவர்களின் மடலும் ஸ்பேம் பெட்டிக்குள் போகத் தொடங்கும். பொத்தானை அழுத்தாமல் நின்றுவிடும் சிலருக்காக மற்ற அனைவரையும் பணயம் வைக்க முடியாது. அந்த உறுதிப்படுத்தும் மடலை எளிதாகக் கண்டுபிடிக்கவும் நாம் உதவ வேண்டும். நன்றிப் பக்கத்தில், ‘உங்கள் ஜிமெயிலைத் திறந்து இந்தப் பெயரில் வந்த மடலைப் பாருங்கள், முதல் பக்கத்தில் இல்லையென்றால் ப்ரமோஷன்ஸ் பகுதியில் இருக்கும்’ என்று எழுதி, மடல் எப்படித் தோன்றும் என்பதற்கு ஒரு படமும் வைக்கலாம்.

இதே விதிகளால் இன்னொன்றும் கட்டாயமாகிறது. கடையின் பெயர்ப் பலகையில் இருக்கும் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, வேறொரு சேவையின் வழியாக மொத்தமாக மடல் அனுப்பினால் அது பெரும்பாலும் போய்ச் சேராது. கடைக்கென்று சொந்த டொமைன், அதாவது இணையப் பெயர், வேண்டும். மடல் உண்மையிலேயே அந்தப் பெயருக்கு உரியவரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சான்றுகளையும் டொமைனின் விவரங்களைக் கொண்ட டிஎன்எஸ் பதிவில் சேர்க்க வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவருக்கு அது பெரிய வேலை இல்லை. நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு இவை மூன்றும் கட்டாயம். சிறிய கடைகளும் இவற்றைச் செய்துவிடுவதே நல்லது.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைச் சேகரிப்போரின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஒப்புதல் என்பது சுதந்திரமாக, இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு, விவரம் தெரிந்து, தெளிவான ஒரு செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டி அந்த இலக்கணத்துக்குள் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே அப்படிப்பட்ட பெட்டியை ஒப்புதலாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. பாரிஸிலிருந்தும் பெர்லினிலிருந்தும் சேலை வாங்கும் தமிழர்கள் உள்ள கடைகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் நம் சட்டம் தருகிறது. அவற்றுள் தமிழும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கான டியூஷன் நிலையங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, 18 வயது நிறையாதவரின் விவரங்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்ற பிரிவை. படிவத்தைப் பெற்றோரை நோக்கியே எழுதி, அவர்களின் முகவரியையே வாங்குவது எளிய வழி.

முகவரி தருபவருக்கு ஏதாவது பரிசு தர வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பத்து விழுக்காடு தள்ளுபடி என்றால் பட்டியல் வேகமாக வளரும். ஆனால் அப்படி வருகிறவர்களில் பலர் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு, பிறகு ஒரு மடலையும் திறக்க மாட்டார்கள். பொருளோடு ஒட்டிய ஒன்றைத் தருவதே சிறந்தது என்பது என் துணிபு. சேலையை முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துவது தொடங்கி, கறை பட்டால் என்ன செய்வது என்பது வரை சாயக்காரரிடம் கேட்டு எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று போதும். அதைக் கேட்டு வாங்குபவர் சுங்குடி கட்டுபவராகத்தான் இருப்பார்.

படிவம் நன்றாக வேலை செய்கிறதா என்று அறிய, பொத்தானின் நிறத்தை மாற்றி மாற்றிச் சோதிக்கும்படி பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஒரு நாளைக்கு நூறு பேர் வரும் தளத்தில் அப்படிப்பட்ட சோதனை எதையும் நிரூபிக்காது. எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும். பக்கத்தைப் பார்த்தவர் எத்தனை பேர், முகவரி இட்டவர் எத்தனை பேர், உறுதி செய்தவர் எத்தனை பேர் என்ற மூன்றையும் மாதந்தோறும் குறித்துவந்தாலே எந்தப் படியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மடலைத் திறந்தவர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பெறுபவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், அந்த எண் வீங்கிப்போயிருக்கும். பதில் எழுதியவர்கள், இணைப்பைத் தொட்டவர்கள், மடலைக் காட்டிக் கடைக்கு வந்தவர்கள் ஆகியோரைக் கணக்கில் கொள்ளுங்கள்.

விலகும் வழி நுழையும் வழியளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமும் சொல்கிறது, ஜிமெயிலின் விதிகளும் சொல்கின்றன. மடலின் அடியில் உள்ள ‘நிறுத்து’ என்ற இணைப்பைத் தொட்டால், கடவுச்சொல்லோ காரணமோ கேட்காமல், ‘இனி உங்களுக்கு மடல் வராது’ என்ற ஒரு வரியோடு காரியம் முடிய வேண்டும். ‘போகாதீர்கள்’ என்று அழும் பொம்மைப் படங்கள் வேண்டாம். வேண்டுமானால் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றுவழியைக் காட்டலாம்: மாதம் ஒரு மடல் அதிகம் என்று நினைப்பவர், சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பெற்றுக்கொள்ளும்படி மாற்றிக்கொள்ளலாம். சுங்குடிக் கடையில் இந்த வசதியை வைத்த பிறகு, நிறுத்த வந்தவர்களில் சிலர் அதைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிலேயே இருக்கிறார்கள்; அவர்களுக்குத் திருவிழா மடல் பங்குனிக் கடைசியில் போகிறது.